கூட இருப்பவரே அடித்தால்: தன்பாலீர்ப்பு இணைகளுக்குக் கொங்கு நாட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

திருப்பூரில் நானும் அவளும் குடியிருந்தது ஒரு லைன் வீடு. ஆறு வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. எங்களை எல்லோரும் அக்கா தங்கச்சி என்றுதான் நினைத்திருந்தார்கள். நாங்களும் அப்படியே சொல்லி வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் என் உதடு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மா, "அக்கா தங்கச்சிக்குள்ள என்ன அம்மிணி சண்டை, சித்தே பொறுத்துப் போங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஊர் வாயிலிருந்து எங்களைக் காப்பாற்றிய பொய்தான் எனக்கு விழுந்த அடியையும் மறைத்தது. அங்கிருந்து வெளியே வர எனக்கு மூன்று வருஷம் ஆனது.

அப்போது எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் விஷயங்களை இங்கே எழுதுகிறேன். பெண்ணோடு வாழும் பெண்ணுக்கும், ஆணோடு வாழும் ஆணுக்கும், அவர்களுக்கு உதவ நினைக்கும் தோழர்களுக்கும் இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவி கேட்க உங்கள் வாழ்க்கை முழுவதையும் யாரிடமும் திறந்து காட்ட வேண்டியதில்லை. டாக்டருக்குத் தெரிய வேண்டியது வேறு, போலீசுக்குத் தெரிய வேண்டியது வேறு, ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரிய வேண்டியது வேறு. அவரவருக்கு வேண்டிய அளவு மட்டும் சொன்னால் போதும். ஒறம்பரை முழுக்க ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருக்கும் நம் ஊரில் இது பெரிய விஷயம். பலர் வாய் திறக்காமல் இருப்பதற்கு அடியைவிட இந்தப் பயம்தான் காரணம்.

நடப்பது வன்முறைதானா?

புருஷன் பெண்டாட்டியை அடித்தால் ஊருக்கே புரிகிறது. இரண்டு பெண்களுக்குள் நடந்தால் "சண்டை" என்கிறார்கள். இரண்டு ஆண்களுக்குள் நடந்தால் "ஆம்பளைக்கு என்ன, திருப்பி அடிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். நாமும் அதே ஊரில் வளர்ந்தவர்கள் என்பதால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

அடி, உதை, பிடித்துத் தள்ளுவது, அறையில் பூட்டி வைப்பது, விருப்பமில்லாமல் உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது ஆகியவற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு, பஸ் காசுக்குக் கூடக் கேட்க வைப்பதும் வன்முறைதான். போனைப் பிடுங்கிப் பார்ப்பது, இருக்கிற நாலு நண்பர்களிடமிருந்தும் பிரிப்பது, "நீ போனா செத்துப்போவேன்" என்று ஒவ்வொரு முறையும் மிரட்டுவது, "நீ நெசமா அப்படிப்பட்டவளே இல்ல, நாளைக்கே எவனையாவது கட்டிக்குவ" என்று குத்துவது எல்லாம் இதில் சேரும்.

நம் உறவுகளுக்கே உரிய ஆயுதம் ஒன்று இருக்கிறது. "உங்க ஊட்டுக்குச் சொல்லிப்போடுவேன்." கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்வேன், அண்ணனுக்குப் போட்டோ அனுப்புவேன், உனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ஊரெல்லாம் பரப்புவேன் என்று அது பல வடிவத்தில் வரும். ஒரு முறை கூடக் கை ஓங்காமல் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஒருவரை வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருப்பவர்கள் உண்டு.

"நானும் திருப்பி அடிச்சேனே, அப்ப நானும் தப்புதானே?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு முறை தட்டை எடுத்து எறிந்திருக்கிறேன், அதையே வைத்து மாதக்கணக்கில் என்னை நானே குற்றவாளியாக்கிக் கொண்டேன். உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள்: கதவு திறக்கும் சத்தம் கேட்டால் யார் வயிறு கலங்குகிறது? யார் யாருக்காகப் பேச்சையும் உடையையும் நட்பையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்? பதில் அங்கே இருக்கும். தலைமுடி குட்டையாக வெட்டிச் சட்டை போட்டிருப்பவர்தான் அடிப்பவர், மென்மையாக இருப்பவர்தான் அடி வாங்குபவர் என்று வெளியிலிருந்து கணக்குப் போடுவதும் தவறு. இந்தத் தவறைப் போலீஸ்காரர்களும் செய்கிறார்கள், நம் நண்பர்களும் செய்கிறார்கள்.

இன்றைக்கே ஆபத்து என்றால்

112-ஐ அழையுங்கள். காயத்துக்கு 108. பெண்கள் 181-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். பேச முடியாத நிலை வந்தால் உதவும்படி, நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "தயிர் வாங்கிட்டு வர்றியா" என்று செய்தி வந்தால் உடனே போலீசுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பி வர வேண்டும் என்பது போல. சண்டை முற்றும்போது சமையலறையிலும் குளியலறையிலும் மாட்டிக்கொள்ளாமல் வாசல் பக்கம் நகருங்கள்.

லைன் வீட்டில் கத்தினால் பத்துப் பேர் வருவார்கள். தோட்டத்துச் சாளையில் யாரும் வரமாட்டார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள், பொழுது இறங்குவதற்கு முன்பே வெளியேறும் வழியை யோசித்து வைப்பது நல்லது. கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, மெயின் ரோடு வரை நடக்க எவ்வளவு நேரம், இந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. கையில் பத்து ரூபாய் கூட இல்லாமல் ஊரைத் தாண்டிவிட முடியும் என்பது சம்பளத்தைப் பறிகொடுத்தவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. ராத்திரியில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதிக்குப் போங்கள். விடிய விடிய விளக்கு எரியும், ஆள் நடமாட்டம் இருக்கும், யாரும் துரத்த மாட்டார்கள்.

கழுத்தை நெரித்திருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே தடம் தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு முறை கழுத்தில் கை வைத்தவர் அடுத்த முறை உயிரையே எடுக்கும் ஆபத்து மிக அதிகம். வீட்டை விட்டுப் போவதா வேண்டாமா என்று தள்ளாடுபவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான்.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியது

கோவை, திருப்பூர், ஈரோடு அரசு மருத்துவமனைகள் எதற்குப் போனாலும், அடிபட்ட காயம் என்றால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதைத்தான் ஏ.ஆர். என்கிறோம். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுவே பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து வழக்குக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவார். "கூடத் தங்கியிருப்பவர் கையால் அடித்தார், நேற்று இரவு பத்து மணிக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையும் ஆச்சு, உறவைப் பற்றிய பேச்சும் எழாது. ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். மில்லிலோ கம்பெனியிலோ வேலை செய்து இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது.

ஆண்களுக்குள் கட்டாய உடலுறவு நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், அவசர சிகிச்சைப் பகுதியிலும் கேட்கலாம். ஏற்கனவே எச்.ஐ.வி. உள்ளவர் என்றால், உங்கள் நிலையை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. துணை மிரட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன்

முடிந்தால் திட்டமிட்டுக் கிளம்புங்கள். கோபத்தில் கிளம்பியவர்கள் சர்டிபிகேட்டுக்காகத் திரும்பப் போய் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பேங்க் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண், தினமும் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் நம்பிக்கையான இடத்தில் வையுங்கள். வேலை செய்யும் இடத்து லாக்கர் கூடப் போதும். எல்லாம் ஒரே நாளில் காணாமல் போனால் சந்தேகம் வரும்.

அடுத்தது போன். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் செய்திகள் வேறு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். ஜிமெயிலுக்குள் வேறு யாருடைய போன் புகுந்திருக்கிறது என்று பாருங்கள். ஆனால் இவற்றை வீட்டில் இருக்கும்போதே மாற்றினால் அவர் உஷாராகிவிடுவார். கிளம்பும் நாளில் மாற்றுங்கள். புது மின்னஞ்சல் ஒன்றை வேறு யாருடைய போனிலாவது தொடங்கி, காயத்தின் படங்கள், மிரட்டல் செய்திகள், குரல் பதிவுகளைத் தேதியோடு அதற்கு அனுப்பி வையுங்கள். ஆதாரோடும் பேங்கோடும் இணைந்திருப்பது யாருடைய எண் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய எண் என்றால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் போகும்.

2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், தன்பாலீர்ப்பு இணைகள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நியமனதாரராக்கவும் (நாமினி) தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது. நல்ல விஷயம்தான். ஆனால் கூட்டுக் கணக்கு இருந்தால், கிளம்புவதற்கு முன் சம்பளம் வரும் கணக்கை உங்கள் தனிப் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நியமனதாரர் பெயரையும் அப்புறம் மாற்ற வேண்டியிருக்கும்.

எங்கே போவது?

"பெத்தவங்க ஊட்டுக்குப் போ" என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்லும் முதல் வார்த்தை. உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வன்முறையிலிருந்து தப்பி இன்னொரு வன்முறைக்குள் போய் விழுந்தவர்களும் உண்டு. போனைப் பிடுங்கி வீட்டுக்குள் வைத்து, பதினைந்து நாளில் மாப்பிள்ளை பார்த்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சந்தேகம் துளி இருந்தாலும் அங்கே போகாதீர்கள். போகத்தான் வேண்டும் என்றால், எந்தத் தேதிக்குள் நீங்கள் அழைக்காவிட்டால் தேடி வர வேண்டும் என்று ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெண்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, சகி என்றும் சொல்வார்கள். தற்காலிகமாக ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், சட்டம், காவல் துறை உதவிகளுக்கு அங்கிருந்தே வழி செய்வார்கள். 181-ஐ அழைத்தால் உங்கள் மாவட்டத்து மையத்தைச் சொல்வார்கள். "கூடத் தங்கியிருப்பவர் அடிக்கிறார், போக இடமில்லை" என்பது போதுமான காரணம். அதன் பிறகு வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி, அரசின் தோழி விடுதிகள், கோவையிலும் திருப்பூரிலும் தெருவுக்கு நாலு இருக்கும் தனியார் லேடீஸ் ஹாஸ்டல்கள். முன்பு இருந்த அதே ஏரியாவில் ஹாஸ்டல் எடுக்காதீர்கள். காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூருக்கு மாறுவதும் ஒரு தூரம்தான்.

ஆண்களுக்கு இதில் பாதி கூட இல்லை. 181-உம் ஒருங்கிணைந்த மையமும் பெண்களுக்கானவை. நண்பர் அறை, மேன்ஷன், கம்பெனி தங்குமிடம் என்று அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆண்களுக்கு நண்பர்கள் வீட்டுத் திண்ணை இவ்வளவு முக்கியமாகிறது.

பெற்றோர் "பொண்ணைக் காணோம்" என்று புகார் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் பெண்களுக்கு அதிகம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதற்கு வழி சொல்லிவிட்டார். காணாமல் போனவர் வயது வந்தவர், சொந்த விருப்பத்தில்தான் போயிருக்கிறார் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிவிட்டுத் துன்புறுத்தாமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். கிளம்பும் நாளிலேயே, "எனக்கு இத்தனை வயது, என் விருப்பத்தின் பேரில் செல்கிறேன், யாரும் என்னைக் கடத்தவில்லை" என்று ஒரு கடிதம் எழுதி, ஆதார் நகலோடு பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களுக்குள் என்றால் போலீஸ் கமிஷனருக்கு, மற்ற இடங்களில் மாவட்ட எஸ்.பி.க்கு.

வீட்டிலேயே அடைத்து வைத்துவிட்டால் உங்கள் சார்பில் நண்பர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் இப்படி ஒரு வழக்கில் 25 வயதுப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்ட சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றும், தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றும் சொன்னது.

போலீசுக்குப் போவதென்றால்

"ரெண்டு பேரையும் 377-ல தூக்கி உள்ள போட்டுருவேன்" என்று யாராவது மிரட்டினால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய அந்த 377-ஆம் பிரிவு இருந்த இந்தியத் தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் இல்லை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 மாதிரி எதுவும் இல்லை. தமிழ்நாட்டுப் போலீசாரின் நடத்தை விதிகளில் 2022-இல் 24-சி என்று ஒரு விதி சேர்த்தார்கள். நம் சமூகத்தவரையோ நமக்காக வேலை செய்பவர்களையோ எந்தப் போலீசும் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறது அது. அந்த எண்ணைச் சொல்லத் தெரிந்தாலே ஸ்டேஷனில் பேச்சின் தோரணை மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

புகாரை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள். உறவைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை என்றால் இப்படி எழுதலாம்:

"நான் மேற்கண்ட முகவரியில் இன்னாருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். இன்ன தேதி இரவு இத்தனை மணிக்கு அவர் என்னைக் கையாலும் கட்டையாலும் அடித்தார். வெளியே போகவிடாமல் கதவைப் பூட்டி வைத்தார். என் செல்போனையும் ஏ.டி.எம். அட்டையையும் பறித்துக்கொண்டார். என் அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்கிறார். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுள்ளேன், ஏ.ஆர். எண் இன்னது. அவர் மீது நடவடிக்கை எடுத்து எனக்குப் பாதுகாப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், நடக்காததைச் சேர்க்காதீர்கள். பூட்டி வைத்ததையும் ஆயுதத்தையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறும் கையால் அடித்த சாதாரணக் காயம் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. அடைத்து வைத்தல், ஆயுதத்தால் காயம், பணம் பறித்தல் என்றால் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்த எல்லைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ அனுப்புங்கள்.

படங்கள் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். "நீதானே எடுக்கச் சொன்ன" என்று அடிப்பவர் சொல்வார். படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம். சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது, பரப்பியவர் பெண்ணாக இருந்தாலும் அது பொருந்தும். ஆண்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு இருக்கிறது. இரண்டுக்கும் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தும் புகார் சொல்லலாம். ஆனால் கட்டாய உடலுறவு விஷயத்தில் சட்டம் நம்மைக் கைவிட்டிருக்கிறது. பாலியல் வல்லுறவுப் பிரிவு ஆண் பெண்ணுக்குச் செய்வதை மட்டுமே குறிக்கிறது. 377 போனதோடு, வயது வந்த ஆணுக்கு நடக்கும் வல்லுறவுக்கென்று தனிப் பிரிவு எதுவும் மிஞ்சவில்லை. காயம், அடைத்து வைத்தல், மிரட்டல் என்றுதான் வழக்குப் போட முடிகிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வந்தாலும், இருக்கிற பிரிவுகளை விடாமல் பயன்படுத்துங்கள்.

துணை உங்கள் சாதியைச் சொல்லித் திட்டுகிறவராக இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர், அவர் அப்படி இல்லை, நாலு பேர் காணும்படி சாதி பேர் சொல்லி அவமானப்படுத்தினார் என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். "நமக்குள்ள சாதி ஏது" என்று தொடங்கி, முதல் சண்டையிலேயே சாதியை எடுத்து வீசும் உறவுகள் நம் பக்கம் குறைவில்லை.

குடும்ப வன்முறைச் சட்டம் உதவுமா?

2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கானது, ஆண்கள் இதில் மனு போட முடியாது. பெண்ணுக்கு எதிராகப் பெண் என்றால்? எதிர்மனுதாரர் "வயது வந்த ஆண்" என்று இருந்த சொற்களை உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில் நீக்கிவிட்டதால், பெண் மீதும் மனு போடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூட வாழ்பவர் மீது மனு போட, அது "திருமணத்தை ஒத்த உறவு" ஆக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு என்ன பொருள் என்று விளக்கிய தீர்ப்பு கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கில்தான் வந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, இருவரும் சட்டப்படி திருமணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்காமல் போனதால் அந்த நிபந்தனையில் நாம் தடுக்கி விழுகிறோம். மனு போடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், போலீஸ் புகாரும் கூடவே இருக்கட்டும்.

அதே சட்டம் பெற்ற வீட்டுக்கு எதிராக நன்றாகவே வேலை செய்யும். அப்பாவோ அண்ணனோ அடித்தால், பூட்டி வைத்தால், இரத்த உறவு என்பதால் எந்தச் சந்தேகமும் இல்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். கலெக்டர் ஆபீசில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். மனு கிடைத்த மூன்று நாளுக்குள் மாஜிஸ்திரேட் முதல் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். தொழிலாளர்களுக்கும் உண்டு. பனியன் கம்பெனியில், மில்லில் வேலை செய்யும் ஆண்கள் "தொழிற்சாலைத் தொழிலாளி" என்று சொல்லியே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி 15100. வக்கீலிடம் மட்டும் உறவைப் பற்றி முழு உண்மையையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை வெளியே சொல்லாமல் காக்க அவர் கடமைப்பட்டவர். பாதி மறைத்தால் எதிர்த்தரப்பு கோர்ட்டில் போட்டு உடைக்கும்போது அவரால் உங்களைக் காப்பாற்ற முடியாது.

மனசுக்கு

14416 டெலி மனாஸ் என்பது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்காக வேலை செய்யும் பி.சி.வி.சி., நம் சமூகத்துக்குத் தமிழில் தகவல் திரட்டி வைத்திருக்கும் ஓரினம் இரண்டையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். நேரில் டாக்டரையோ ஆலோசகரையோ பார்ப்பதென்றால் முதல் சந்திப்பிலேயே அவர் எதைச் சரிசெய்ய முயல்கிறார் என்று கவனியுங்கள். அடி வாங்கியதைப் பேசாமல் உங்கள் ஈர்ப்பை "குணப்படுத்த"ப் பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி மாற்ற முயல்வது மருத்துவ நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது.

கிளம்பிய பிறகும் அவர் மேல் பாசம் இருக்கும். எனக்கு இருந்தது. முதல் மாதம் அவள் சமைக்கும் அரிசிம்பருப்பு சாதத்தை நினைத்து அழுதிருக்கிறேன். இரண்டு முறை திரும்பிப் போனேன். பலரும் போகிறார்கள். அதனால் உங்கள் புகார் பொய்யாகிவிடாது, இன்னொரு முறை கிளம்பும் உரிமையும் போய்விடாது.

இதைப் படிக்கும் நீங்கள் கை ஓங்குபவராக இருந்தால், இன்று இரவு வேறு இடத்தில் தங்குங்கள். பிறகு அதே 14416-ஐ அழையுங்கள். குடியையோ வீட்டார் செய்த கொடுமையையோ காரணம் சொல்லாமல், "நான் அடிக்கிறேன்" என்று தொடங்குங்கள்.

நண்பராக நிற்பவர்களுக்கு

நம் கூட்டம் சின்னது. அடித்தவரும் அடி வாங்கியவரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருப்பார்கள், ஒரே பிறந்தநாளுக்கு வருவார்கள். அதனால் நண்பர்கள் செய்யும் முதல் தவறு பஞ்சாயத்து. இருவரையும் உட்கார வைத்து "பேசித் தீர்த்துக்கோங்க" என்பார்கள். பயந்திருப்பவர் அந்த இடத்தில் உண்மையைப் பேச மாட்டார், பேசினால் ராத்திரி வீட்டில் அதற்கும் சேர்த்து வாங்குவார். "வெளிய தெரிஞ்சா நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு" என்று மூத்தவர்கள் அடக்குவதையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கெட்ட பெயரைச் சுமக்க வேண்டியவர் அடி வாங்கியவர் அல்ல.

அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், நல்லவர் என்று நீங்கள் நினைப்பவரிடமும். அவர் சார்பில் அவர் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். போலீசுக்குப் போவதா என்ற முடிவை உயிராபத்து இல்லாத வரை அவரிடமே விடுங்கள். துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால், "நீங்க யாரு?" என்று கேட்பார்கள். "ஃப்ரெண்டுங்க" என்பது போதும். கையில் ஐநூறு ரூபாய், ஒரு சார்ஜர், மாற்றுத் துணி ஒன்று எடுத்துப் போங்கள்.

என்னை அழைத்துப்போக வந்த தோழி ராத்திரி ஒன்றரை மணிக்குச் சொந்தக்காரர் ஸ்கூட்டியைக் கடன் வாங்கிக்கொண்டு பல்லடத்திலிருந்து வந்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனதும், "மொதல்ல ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றாள். அப்புறம் உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறையைக் காட்டினாள்.